நீ தேடின தப்பு

கண்ணு,

நாங்க இங்க சௌக்கியம்னு எழுதித்தான் ஆரம்பிக்கோணும். அப்படி எழுத மனசு வரல, அதனால நேரா விஷயத்துக்கே வர்றேன். ஞாயித்துக்கெழம பெங்களூர் பஸ் ஏறக் கெளம்பறப்ப, ஷூ கயித்தக் கட்டிக்கிட்டே குனிஞ்ச தலை நிமிராம, "என் கணக்கே தப்புங்கம்மா. மாசக் கடைசியில சாப்ட்வேர மூடிர்றேன். மத்த தையல் யூனிட்டுக்காரங்க ஏழு பேருகிட்டயும் நீங்களே சொல்லிருங்க"ன்னு சொன்னே. நான் "சரி கண்ணு, போயி வேலையப் பாரு"ன்னேன். உங்கப்பா பையத் தூக்கிக்கிட்டு முன்னால நடந்துட்டாரு. உன்ன பஸ் ஏத்திட்டு வந்து அவரு சொன்னாரு, புது ஆபீஸ்ல எதுக்கு உங்க கம்பெனி தோத்துச்சுன்னு கேட்டதுக்கு, எனக்கு அந்தளவு அறிவு பத்தலீங்கன்னு பதில் சொல்லித்தான் வேலை வாங்கினியாம். இனிமே தனியா ஒரு தொழிலத் தொடமாட்டேன்னும் சொன்னியாம். அதக் கேட்டதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல. உன் கணக்கு தப்பில்ல. தப்புப் பண்ணினவ நான். போன்ல சொன்னா "பரவாயில்லீங்கம்மா"ன்னு நீ பேச்ச முடிச்சிருவே. அதனாலதான் எழுதறேன், முழுசாப் படி.

மொதல்ல உன் மேல இருக்கற கோவத்தக் கொட்டிர்றேன். வேலைய விட்டத நீ எங்ககிட்டச் சொல்லல. மாடி ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு ஆபீஸ் வேலை பாக்கறதாத்தான் நாங்க நெனச்சிட்டிருந்தோம். ஒரு மத்தியானம் கூரியர்க்காரரு வந்து, "லேப்டாப் ரிட்டர்ன் எடுக்க வந்திருக்கேனுங்க"ன்னு வாசல்ல நின்னாரு. ஆபீஸ் லேப்டாப்ப எதுக்குத் திருப்பிக் குடுக்கோணும்னு உன்னக் கேட்டா, நீ டப்பாவுக்கு டேப் ஒட்டிக்கிட்டே, "நானே விட்டுட்டேங்கம்மா, ஒரு மாசமாச்சு. சொந்தமா ஆரம்பிக்கறேன்"னே. ஒரு மாசமா கீழ எறங்கி வந்து என்கூட உக்காந்து சோறு தின்ன வாய், ஒரு வார்த்தை சொல்லல. அன்னைக்கு நான் கத்தினதுக்கு வேலை போனது காரணமில்ல கண்ணு. சொல்லாம இருந்ததுதான் காரணம். இப்ப இத எழுதறப்ப எனக்கே வெக்கமா இருக்குது, ஏன்னா சொல்லாம இருக்கறதுல உன்னவிட நான் பெரிய கை.

இந்த ஊர்ல வேலைய விட்டுச் சொந்தத் தொழில் ஆரம்பிக்கறேன்னா யாரும் மூக்கச் சுழிக்க மாட்டாங்க. அவிநாசியில நம்ம ஒறம்பரைக் கல்யாணத்துல எல்லாருக்கும் சந்தோசந்தான். "பரவால்லீங்களே, தம்பியும் தொழிலுக்கு வந்துட்டாப்ல. எத்தன மிஷின் போட்டிருக்கறாப்ல?"ன்னு கேட்டாங்க. மிஷின் இல்லீங்க, ஒரு கம்ப்யூட்டருதானுங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல. "இப்பத்திக்கு எட்டு யூனிட்டப் பாத்துக்கறானுங்க"ன்னேன். அப்ப உன்கிட்ட ஒரு யூனிட்டும் கெடையாது. சொல்லி வெச்சதுக்காகத்தான் நம்மளதையும் சேத்து எட்டு யூனிட்டப் புடிச்சேன். உனக்காக ஊரெல்லாம் பேசி ஆள் சேத்தேன்னு நீ என்ன நெம்பப் பெருமையா நெனச்சே, இல்லையா. என் மானத்தக் காப்பாத்திக்கத்தான் நான் சேத்தேன்.

உனக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். ஆறாவது படிக்கறப்ப ஆண்டு விழா. கட்டுரைக்கு மொதப் பரிசு. அஞ்சு மணிக்கு வந்துரோணும்னு காலைலயே மூணு தடவ சொன்னே. அஞ்சரைக்கு டீச்சர் போன்ல இருந்து, "எங்கீங்கம்மா இருக்கீங்க?"ன்னு கேட்டே. "வண்டி ஏறிட்டேன் கண்ணு, வந்துட்டே இருக்கேன்"னேன். அப்ப நான் ஓவர்லாக் மிஷின்ல உக்காந்திருந்தேன், காலு பெடல் மேல இருந்துச்சு. ஆறே காலுக்குத் திரும்பக் கூப்பிட்டே. "பழைய பஸ் ஸ்டாண்டுகிட்ட ட்ராபிக் கண்ணு"ன்னேன். ஏழரைக்கு நான் வந்து சேந்தப்ப நீ வாட்ச்மேன் பக்கத்துல ஸ்டூல் மேல உக்காந்திருந்தே. அழுகல. "போன்ல மிஷின் சத்தம் கேட்டுச்சுங்கம்மா"ன்னு மட்டும் சொன்னே. இத்தன வருசம் கழிச்சு உன் சாப்ட்வேரப் பத்தி எனக்கும் அப்பாவுக்கும் வெளக்கம் சொல்றப்ப, "இனி யாரும் யாரையும் எங்க இருக்குது, எப்ப வரும்னு போன்ல கேக்க வேண்டியதில்ல. போனத் தொறந்து பாத்தாத் தெரிஞ்சிரும்"னு சொன்னே. எனக்கு அந்த ஸ்டூல்தான் கண்ணுக்குள்ள வந்துச்சு. பேச்ச மாத்தறதுக்காக டீ போட எந்திரிச்சுப் போயிட்டேன்.

நம்ம பொழப்பு என்னன்னு உனக்குத் தெரியும், ஆனா உள்ள எப்படி நடக்குதுன்னு தெரியாது. ஏத்துமதிக் கம்பெனி துணிய வெட்டிக் கட்டுக் கட்டா அனுப்பும், நாம தைச்சுக் குடுக்கோணும். ஒரே கம்பெனிய நம்பி உக்காந்தா, சாயப் பட்டறையில துணி நின்னுபோற அன்னைக்கு நம்ம டெய்லருக சும்மா உக்காந்திருப்பாங்க, மக்யா நாளு அடுத்த யூனிட்டுக்குப் போயிருவாங்க. அதனால ரெண்டு பார்ட்டி வேலைய வாங்கி வெச்சுக்குவோம். ரெண்டு பேரும் போன் பண்ணினா ரெண்டு பேருகிட்டயும், "உங்க பீஸ்தானுங்க மிஷின்ல ஓடிட்டிருக்குது"ன்னு சொல்லுவோம். கேக்கறவங்களுக்கும் அது தெரியும். "சரிங்க, கொஞ்சம் பாத்துச் செய்யுங்க"ன்னு வெச்சிருவாங்க. இங்க அத யாரும் பொய்யின்னு நெனைக்கறதில்ல, பார்ட்டிக்குக் குடுக்கற மரியாதையின்னுதான் நெனைக்கறோம். இருவது வருசமா நான் இப்படித்தான் பேசிட்டிருக்கேன். அந்த மரியாதைய ஒடைக்கற சாமானத்தத்தான் நீ செஞ்சு கொண்டாந்து மொதல்ல என் கையிலயே குடுத்தே.

ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா, எந்தப் பார்ட்டியோட பீஸ் எத்தன முடிஞ்சுதுன்னு போன்ல போடோணும், கம்பெனிக்காரங்க அங்கிருந்தே பாத்துக்குவாங்க. அவ்வளவுதான் உன் சாப்ட்வேர். ஒரே வாரந்தான் ஒழுங்காப் போட்டேன். அடுத்த வாரம் ஒரு பார்ட்டி, "எங்க பீஸ் மூணு நாளா சும்மா கெடக்குதுங்களா?"ன்னு கேட்டுட்டாங்க. மத்த யூனிட்டுக்காரங்க ஏழு பேரும் என்கிட்ட வந்தாங்க. "தம்பி முகத்துக்காக ஒத்துக்கிட்டோமுங்க. இது நம்ம கழுத்துக்கே கத்தி வெக்குதுங்களே"ன்னாங்க. அப்பவே உன்ன மாடியில இருந்து கூப்பிட்டு, கண்ணு, இவங்களுக்கு இது ஒத்து வரலையாம், என்ன பண்றதுன்னு கேட்டிருக்கோணும். நீ வேற வழி யோசிச்சிருப்பே. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "மனசுக்குத் தோணற நம்பரப் போட்டு விடுங்க. பையன் சந்தோசமா இருக்கட்டும்"னு சொன்னேன். எல்லாருக்கும் நிம்மதியாப் போச்சு. உன் முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ற சங்கடம் யாருக்கும் இல்லாமப் போச்சு. நானும் போன்ல அலாரம் வெச்சு, நேரத்துக்கு நேரம் நூத்தி இருவது, இருநூத்தி நாப்பதுன்னு போட்டுட்டு வந்தேன். தூத்துக்குடிப் பக்கத்துல இருந்து வந்து நம்மகிட்ட டெய்லரா இருக்கற மரியபுஷ்பம் ஒரு நா அதப் பாத்துட்டு, "எக்கா, பெத்த பிள்ளைட்டயே இப்படிப் போடலாமா?"ன்னு கேட்டா. "உன் மிஷினப் பாரு"ன்னு அவ மேல விழுந்தேன்.

நீ மேல இருந்து, அந்த நம்பருக திரையில கோடா ஓடறதப் பாத்துப் பாத்துப் பூரிச்சுப் போனே. ஒரு சாயங்காலம் லேப்டாப்ப எடுத்துட்டு வந்து, "பாருங்கம்மா, எட்டு யூனிட்டுலயும் நம்ம யூனிட்டுதான் சீராப் போகுது"ன்னு காட்டினே. ஒரு வளைவு இல்ல, ஒரு பள்ளம் இல்ல. சனிக்கெழம சம்பளம் வாங்கிட்டுத் திங்கக்கெழம பாதிப் பேரு வராத ஊருடா இது. ஊசி ஒடையற, நூல் தீந்து போற, கரண்ட் போற யூனிட்டு. அதுல எப்படிக் கோடு அத்தன நேரா வரும்னு உனக்கு ஒரு நாளாச்சும் சந்தேகம் வந்திருக்கோணும். நீ படிச்ச படிப்புக்கு வந்தே தீந்திருக்கோணும். வரல, ஏன்னா நம்பரப் போட்டது உங்கம்மா. நான் அன்னைக்கு, "அப்படியா கண்ணு, நல்லா இருக்குது"ன்னு உன் தலையத் தடவிவிட்டேன்.

அப்பறம் ஒரு பெரிய ஏத்துமதிக் கம்பெனி உன்ன நம்பி, கொழந்தைக டீ சர்ட் ஆர்டர எட்டு யூனிட்டுக்கும் பிரிச்சுக் குடுத்துச்சு. கடைசி நாள் உன் திரையில எல்லாம் முடிஞ்சு போச்சு. நெசத்துல மூணுல ஒரு பங்கு பீஸ் கட்டே அவுக்காமக் கெடந்துச்சு. கப்பல் போயிருச்சு. மீதிய விமானத்துல அனுப்பற நெலமை ஆகி, அவங்க எல்லாரையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. அந்த ரூம்ல நான் உன் பக்கத்து நாற்காலியில உக்காந்திருந்தேன். மத்த ஏழு பேரும் தரையப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. யாரும் உன்ன ஒண்ணும் கேக்கறதுக்கு முன்னாடியே நீ எந்திரிச்சு நின்னு, "சார், யூனிட்டுக்காரங்க மேல தப்பில்லீங்க. என் சிஸ்டத்துல எங்கயோ தப்பு இருக்குது. நான்தானுங்க பொறுப்பு"ன்னு சொன்னே. அந்தக் கம்பெனி ப்ரொடக்சன் மேனேஜரு, "தம்பி, இது தொழில் பண்றவங்க ஊரு. கம்ப்யூட்டர் வெளையாட்டெல்லாம் பெங்களூரோட வெச்சுக்கோங்க"ன்னாரு. நான் வாயத் தொறந்திருந்தா ஒரே நிமிசத்துல முடிஞ்சிருக்கும். தொறந்திருந்தா அந்தக் கம்பெனி அடுத்த லாட்ட எனக்குத் தராது. பதினாலு டெய்லருகளோட முகந்தான் என் கண் முன்னால வந்துச்சுன்னு இத்தன நாளா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதுவும் முழு நெசமில்ல. உன் முன்னால, அந்தக் கம்பெனிக்காரங்க முன்னால, பெத்த பையன ஏமாத்தினவளா நிக்க எனக்குப் பயம்.

அதுக்கப்பறம் நடந்ததுதான் கண்ணு, என்னால செரிக்க முடியாதது. மூணு வாரம் நீ மாடியில உக்காந்து தப்பத் தேடினே. தாடி வளந்து, கண்ணு உள்ள போயி, கொண்டு வந்து வெச்ச தட்டு வெச்ச எடத்துலயே காஞ்சு கெடக்கும். நான் டீய நீட்டினா, "இந்த எடத்துலதாம்மா எங்கயோ எண்ணிக்கை ரெண்டு தடவ ஏறியிருக்கோணும்"னு திரையக் காட்டிச் சொல்லுவே. இல்லாத தப்பத் தேடறியே கண்ணான்னு சொல்ல வாய் வரைக்கும் வரும், டம்ளர வாங்கிக்கிட்டு எறங்கிருவேன். ஒரு நா காலைல நீயே படியெறங்கி ஓடி வந்தே. "கண்டுபிடிச்சுட்டேங்கம்மா. நெட்வொர்க் கட்டாகித் திரும்ப வர்றப்ப ஒரு எடத்துல கணக்கு மாறுது. நான்தான் கவனிக்கல"ன்னே. ஏதோ ஒரு சின்ன ஓட்டையப் புடிச்சு அதுதான் காரணம்னு நெனச்சுட்டே. உன் முகத்துல மூணு வாரமா இல்லாத நிம்மதி. நான் "அப்பாடா, நல்லதாப் போச்சு"ன்னேன். அன்னைக்கு மத்தியானம் நீ நல்லாச் சாப்பிட்டே. நானும் சாப்பிட்டேன்.

என்னதான் நான் பாவின்னாலும் உனக்குச் சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்குது. மறுபடியும் நீ ஒரு நாளைக்குத் தனியா எதையாச்சும் ஆரம்பிப்பே, உன் ரத்தம் அப்படி. அப்ப உன்மேல பாசம் வெச்சவங்ககிட்ட மொதல்ல கொண்டு போகாதே. பாசம் வெச்சவங்க நல்லா இருக்குதுன்னுதான் சொல்லுவாங்க. ஆபீஸ்ல உனக்கு மேல ஒருத்தர், பக்கத்துல நாலு பேரு இருந்திருப்பாங்க, சரியில்லைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லியிருப்பாங்க. இங்க ஒத்தை ஆளா மாடியில உக்காந்துட்டே, இல்லைன்னு சொல்ல உனக்கு ஒரு நாதி இல்ல. இன்னொண்ணு, மாடிக்கும் மிஷின் ஓடற எடத்துக்கும் பதினாலு படி. நாலு மாசத்துல ஒரே ஒரு நாள் எறங்கி வந்து கட்டுகள எண்ணிப் பாத்திருந்தா உங்கம்மா மாட்டியிருப்பா. நீ எறங்கல. உனக்குத் துணி தூசி ஒத்துக்காதுன்னு நானும் உன்ன மேலயே இருக்கச் சொன்னேன், அதுலயும் எனக்கு உள்நோக்கம் இருந்துச்சு.

நீ போன மக்யா நாளு, திங்கக்கெழம, அந்தக் கம்பெனிக்குப் போனேன். மேனேஜருகிட்ட, "தம்பி, அன்னைக்குச் சொல்லாம விட்டுட்டேனுங்க. பையன் சிஸ்டத்துல தப்பில்ல. நாங்கதானுங்க பொய் நம்பரப் போட்டோம். நான்தான் மத்தவங்களையும் போடச் சொன்னேன்"னு சொன்னேன். அவரு டீ சொல்லிட்டுச் சிரிச்சாரு. "எங்களுக்குத் தெரியாதுங்களா அக்கா? எட்டு யூனிட்டும் ஒரே சீரா ஓடுதுன்னா இந்த ஊர்ல எவன் நம்புவான்? சரக்கு வாங்கற வெளிநாட்டு பையருக்குக் காட்ட அந்தப் படம் நல்லா இருந்துச்சு, காட்டினோம். லேட்டானப்ப சொல்றதுக்கு ஒரு காரணம் வேணும், தம்பி தானா எந்திரிச்சு ஒத்துக்கிட்டாப்ல. நல்ல பையனுங்க அவரு. விடுங்க, அடுத்த லாட் நாளைக்கே அனுப்பறேன். பையருக்காக மாசக் கடைசி வரைக்கும் அதுல நம்பர மட்டும் போட்டுட்டு இருங்க"ன்னாரு. அப்பத்தான் எனக்கு உறைச்சுது. அந்த ரூம்ல இருந்தவங்க எல்லாருக்கும் நெசம் தெரிஞ்சிருக்குது. இந்த ஊர்லயே அந்தத் திரைய நம்பினவன் நீ ஒருத்தன்தான். எந்திரிச்சு அந்த டீய அவரு மேசை மேலயே கவுத்துட்டு வந்திருக்கோணும். நான் "சரிங்க"ன்னு கும்பிட்டுட்டு வந்தேன். செவ்வாய்க்கெழம சாயங்காலம் கட்டுக வந்து எறங்குச்சு, எறக்கி வெச்சேன்.

இன்னைக்குப் புதன்கெழம. காலைல பத்து மணிக்கு அலாரம் அடிச்சுது. போன எடுத்து, இருக்கறத இருக்கற மாதிரி போட்டேன். ஆறு டெய்லருக ஊருக்குப் போயிட்டாங்க. எட்டு மிஷின் ஓடுது, எட்டுலயும் வேற பார்ட்டியோட பீஸ். அந்தக் கம்பெனியோட கட்டு இன்னும் அவுக்கல. இந்த வாரம் ஆகாது. முடிஞ்ச பீஸ்னு கேட்ட எடத்துல சைபர் போட்டேன். பத்து நிமிசத்துல மேனேஜரு கூப்பிட்டாரு. "அக்கா, தம்பியோட சாப்ட்வேர் மறுபடியும் தப்பாக் காட்டுதுங்களே"ன்னாரு. "இல்லீங்க தம்பி, இன்னைக்குத்தானுங்க சரியாக் காட்டுது"ன்னேன். "அப்ப கட்ட எடுத்துக்கறோமுங்க"ன்னாரு. மத்தியானத்துக்குள்ள டெம்போ வந்து எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிருச்சு. உங்கப்பா கட்டு ஏத்தறதுக்குக் கை குடுத்தாரு. ஓடற வேலை சனிக்கெழமையோட முடிஞ்சிரும். அதுக்கப்பறம் என்னன்னு டெய்லருக கேக்கறாங்க. அவங்களையும் சேத்துக் காட்டிக் குடுத்தத மத்த ஏழு பேருகிட்டயும் இன்னும் சொல்லல. சொன்னா யாரும் என் ஊட்டுப் படியேற மாட்டாங்க, பரவாயில்ல.

மாசக் கடைசியில மூடறதும் விடறதும் உன் இஷ்டம், அதுல நான் தலையிட மாட்டேன். என்ன மன்னிச்சிருன்னு கேக்க எனக்கு யோக்கியதை இல்ல. நீயும் உடனே போன் பண்ணி மன்னிச்சுட்டேன்னு சொல்லாதே, எனக்கு அது வேண்டாம். கோவம் எத்தன நாளைக்கு இருக்குதோ அத்தன நாளைக்கு இருக்கட்டும், பேசாமயே இரு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கறேன். உன் கம்பெனி எதனால தோத்துச்சுன்னு இனி எவராச்சும் கேட்டா, எனக்கு அறிவு பத்தலைன்னு சொல்லாதே. எங்கம்மா பொய் சொன்னா, நான் நம்பினேன்னு சொல்லு.

அம்மா